மருந்தும் பூட்டும்

சட்டம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலர்க்கு நீதிமன்றமும் கறுப்பங்கியும் சிறைச்சாலையுமே நினைவுக்கு வரும். நிலவழக்கு, கொலை, களவு, கடன் ஆகியவற்றிற்கே சட்டம் வேண்டுமென்பது பொதுமக்கள் எண்ணம். ஆயின், பள்ளியிற் படிக்கும் ஒரு சிறுமியின் புத்தகப் பையில், எழுதுகோலுக்கும் அளவுகோலுக்கும் இடையே, சாணளவு நீளமுள்ள ஒரு மருந்துக்குழல் இருக்கலாமா, இருத்தல் கூடாதா என்பதும் சட்டம் ஆராயத்தக்க பொருளே என்பதை அறிந்தோர் சிலரே. மேலைநாடுகள் சிலவற்றிற் சட்டமன்றங்கள் கூடி இப்பொருளை ஆராய்ந்து விதிகள் வகுத்திருக்கின்றன. நம் நாட்டில் இதற்கெனத் தனிச்சட்டம் இன்னும் தோன்றவில்லை. என் தங்கையின் பொருட்டு இதனை ஆராய வேண்டிய நிலை எனக்கு வாய்த்தது. ஆராய்ந்தறிந்தவற்றைக் கல்லூரி நண்பர்க்கு எடுத்துரைத்தல் பயனுடைத்தாம் எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். ஒவ்வுதல் என்பது பொருந்துதல். ஒவ்வாமை என்பது பொருந்தாமை. ஊரார் எல்லார்க்கும் நல்லுணவாகிய வேர்க்கடலையோ, பாலோ, முட்டையோ, இறாலோ ஒருவர் உடம்புக்கு மட்டும் பகையாய் நிற்பதுண்டு. சிலர்க்குப் பென்சிலின் முதலிய மருந்துகளும், சிலர்க்குத் தேனீ, குளவி ஆகியவற்றின் கொடுக்கும் அவ்வாறே பகையாகும். உடம்பில் திடீரெனத் தடிப்பெழுந்து நமைக்குமாயின், எங்கள் மேட்டுப்பாளையத்துப் பக்கத்து முதியோர் அதனைக் ‘காணாக்கடி’ என்பர். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பது அதன் கருத்து. தமிழ் படிக்கும் எனக்கு அச்சொல்லின்மேற் பெருமதிப்புண்டு. கடித்ததைக் காணவியலாது என்பது மெய்யே. ஏனெனில், ஈண்டுத் துன்பம் விளைப்பது புறத்தேயுள்ள பூச்சியன்று, உடம்பின் காவற்படையே. தீங்கற்ற பொருளொன்றைப் பகையென்று பிழைபட உணர்ந்து, அக்காவற்படை ஹிஸ்டமின் முதலிய பொருள்களை ஒருங்கே வெளிப்படுத்துகின்றது. குருதிக்குழாய்கள் தளர்ந்து அகலுகின்றன, குருதியழுத்தம் வீழ்கின்றது, தொண்டையும் நாவும் வீங்குகின்றன, மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன. இந்நிலையையே மருத்துவர் அனாபிலாக்சிஸ் என்பர். தோலிற் சிறு தடிப்பாகத் தொடங்கியது சில நிமிடங்களில் உயிரை வாங்கும் வேகமுடையது இது.

இந்நோய்க்கு இப்பெயர் வந்த வரலாறு சுவையுடையது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டு அரசர் முதலாம் ஆல்பர்ட் என்பவரின் மரக்கலத்திற் சென்ற சார்லஸ் ரிஷே, பால் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், கடல்வாழ் உயிர்களின் நஞ்சினை ஆராய்ந்தனர். பின்னர்ப் பாரிசு நகருக்கு மீண்டு, கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறிதளவாக நாய்களுக்கு ஏற்றினர். சிறிது சிறிதாகப் பழக்கினால் உடம்பு நஞ்சைத் தாங்கும் வலிமை பெறும் என்பது அக்கால எதிர்பார்ப்பு. நிகழ்ந்ததோ நேர்மாறு. முன்னர் நஞ்சேற்று நலமாயிருந்த நாயொன்று, மூன்று கிழமைகட்குப்பின் மீண்டும் சிற்றளவு பெற்றதும் விரைவில் மாண்டது. காப்புக்கு மாறானது என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1902இல் அனாபிலாக்சிஸ் என்னும் பெயரை அவர்கள் அமைத்தனர். இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். அலர்ஜி என்னும் சொல்லை 1906இல் வியன்னா நகரத்து மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே ஆக்கினார்.

நோய்க்குப் பெயர் வந்த அதே காலத்தில் அதற்குரிய மருந்தும் வெளிவந்தது வியப்புக்குரியது. அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வேதியலறிஞர் ஜோகிச்சி தக்கமீனே, சிறுநீரகத்தின்மேல் அமைந்துள்ள சுரப்பியினின்று ஒரு பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, 1901இல் அதனை உலகுக்கு அறிவித்தார். சிறுநீரகத்தை அடுத்திருப்பது என்னும் பொருள்பட அதற்கு அட்ரினலின் என்று பெயர். அச்சத்திலும் சினத்திலும் நம் நெஞ்சம் படபடப்பதற்குக் காரணமாகிய பொருளே இது. தளர்ந்த குருதிக்குழாய்களை இறுக்குதல், நெஞ்சின் துடிப்பை வலுப்படுத்துதல், சுருங்கிய மூச்சுக்குழாய்களைத் திறத்தல் ஆகிய மூன்றையும் இவ்வொரு மருந்தே செய்கின்றது. ஒவ்வாமைக்கென மருந்துக்கடைகளில் விற்கும் மாத்திரைகள் நமைச்சலைத் தணிக்குமேயன்றி, அடைபடும் மூச்சைத் திறவா. தொடையின் புறப்பக்கத்துத் தசையில் அட்ரினலினைச் செலுத்துதலே முதற்சிகிச்சை. அதனையும் காலந்தாழ்த்தாது செலுத்துதல் வேண்டும்.

மருத்துவரல்லாதாரும் இதனைச் செலுத்துதற்பொருட்டு எழுந்ததே தானியங்கி ஊசிக்குழல். எபிபென் என்பது அவற்றுள் பலரும் அறிந்த பெயர். 1987இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. குழலின் ஒரு முனையிலுள்ள மூடியை நீக்கி, மறுமுனையைத் தொடையில் வைத்து அழுத்தினால், உள்ளிருக்கும் வில் ஊசியைச் செலுத்தி, அளந்து வைத்த மருந்தை உட்புகுத்தும். பெரியோர்க்கு 0.3 மில்லிகிராமும், சிறுவர்க்கு 0.15 மில்லிகிராமும் கொண்டனவாக இவை வரும். ஆடையின் மேலேயே செலுத்தலாம். மருந்தைச் செலுத்தியபின் நோயுற்றாரைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்றே உயர்த்தி, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும். எழுந்து நடக்கவிடுதல் ஆகாது. ஐந்து நிமிடங்களில் நலம் தோன்றாவிடின் இரண்டாம் ஊசியும் தேவைப்படலாம்.

ஈண்டு வள்ளுவர் பெருமான் நினைவுக்கு வருகின்றார். மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், மருத்துவத்தை அவர் நான்கு கூறாகப் பகுத்துரைக்கின்றார். நோயுற்றவன் ஒருவன், அதனைத் தீர்ப்பவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் ஒருவன் என்பன அந்நான்கு. முதல் மூன்றையும் எவரும் எளிதிற் கூறிவிடுவர். நான்காவதாகிய துணைவனை மருத்துவத்தின் ஒரு கூறாக எண்ணியது வள்ளுவரின் நுண்மாண் நுழைபுலத்தைக் காட்டுகின்றது. பள்ளியில் ஒரு குழந்தைக்கு இந்நோய் நேரின் மருத்துவர் அருகில் இரார். எஞ்சியவை மருந்தும் துணைவனுமே. மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருத்தலும், துணைவன் அஞ்சாது செயற்படுதலும் ஆகிய இவ்விரண்டையும் உறுதி செய்தற்கு எழுந்தவையே யான் கூறப்போகும் சட்டங்கள் எல்லாம்.

இனி எங்கள் வீட்டு நிகழ்ச்சிக்கு வருவேன். என் தங்கைக்கு எட்டு வயதிருக்கும்போது, எங்கள் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகை நடைபெற்றது. கொங்குநாட்டிற் கடலை மிட்டாய் இல்லாத விழா ஏது? விற்பனைப் பந்தலில் வாங்கிய ஒரு துண்டை அவள் தின்ற சிறிது நேரத்திற்குள் உதடுகள் வீங்கின, கழுத்தெல்லாம் தடிப்பெழுந்தது, குரல் கம்மியது. “காணாக்கடியாட்ட இருக்குது, வெத்தலையும் மொளகும் அரைச்சுக் குடுங்க கண்ணு” என்றார் எங்கள் அம்மிச்சி. அதற்குள் அவள் மூச்சு இழுக்கத் தொடங்கவே, தந்தையார் அவளைத் தோளிற் சுமந்து ஆட்டோ ஒன்றில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தார். மருத்துவர் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை உடைத்து, மருந்தை ஊசியிலேற்றித் தொடையிற் செலுத்தினார். கால்மணி நேரத்திற்குள் அவள் “தண்ணி வேணும் அண்ணா” என்று என்னை நோக்கிக் கேட்டாள். அக்குரலை யான் மறத்தலரிது.

“இனி இவள் எங்குச் சென்றாலும் மருந்து உடன் செல்லல் வேண்டும்” என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அட்ரினலின் குப்பி நம் நாட்டில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைப்பது. ஆயின், பதற்றமான வேளையிற் குப்பியை உடைத்து, அளந்து, ஊசியிலேற்றுதல் பழகாதார்க்கு அரிது. தானியங்கிக் குழலோ நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதிற் கிடைப்பதன்று. அதன் விலையும் எம்மனோர்க்குச் சுமையாவது. கனடா நாட்டு டொராண்டோ நகரில் வாழும் எங்கள் தாய்மாமன், விடுமுறைக்கு வந்தபோது இரண்டு குழல்களை மருத்துவச் சீட்டுடன் வாங்கிவந்தார். அன்று முதல் அக்குழலின்மேல் அச்சிட்டுள்ள காலாவதித் திங்களை எங்கள் அன்னையார் நாட்காட்டியிற் சிவப்பு மையாற் குறித்து வைப்பது வழக்கம்.

தங்கை உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றபோது சிக்கல் எழுந்தது. தலைமையாசிரியர் தீயவரல்லர், மாணாக்கரிடம் அன்புடையவர். ஆயினும், “ஏனுங்க, பையில ஊசிய வெச்சுக்கிட்டு வந்தா, மத்த பிள்ளைக எடுத்துக் குத்திக்கிட்டா யாருங்க பொறுப்பு?” என்று என் தந்தையாரை வினவினார். அவ்வினாவுக்குத் தந்தையாரிடம் விடையில்லை. முடிவில், மருந்தை அலுவலக அறையிலுள்ள இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுவதென ஏற்பாடாயிற்று. திறவுகோல் எழுத்தரிடம் இருக்கும். தங்கையின் வகுப்பு இரண்டாம் மாடியில். யான் ஒருநாள் கைக்கடிகாரத்தை நோக்கியவாறு அவ்வகுப்பினின்று அலுவலகத்துக்கு இறங்கி மீண்டும் ஏறினேன். எழுத்தர் தம் இருக்கையிலேயே இருந்தும் ஏறக்குறைய ஐந்து நிமிடங்கள் சென்றன. நண்பகல் உணவு வேளையில் அவர் வீடு சென்றுவிடுவார். திறவுகோலும் உடன் செல்லும். பிள்ளைகள் உணவைப் பகிர்ந்துண்ணும் வேளையும் அதுவேயன்றோ!

மாமனிடம் இதனைத் தொலைபேசியிற் கூறியபோது, தம் பிள்ளைகள் பயிலும் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கெனவே சட்டம் உண்டென்று அவர் தெரிவித்தார். பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் மாகாணம் அது. அச்சட்டத்தின் பெயர் சப்ரீனாவின் சட்டம். சப்ரீனா ஷானன் என்பவள் பெம்புரோக் என்னும் ஊரிற் பயின்ற பதின்மூன்று வயதுச் சிறுமி. பாலுணவு அவளுக்கு ஒவ்வாது. தன் ஒவ்வாமையைக் குறித்து வானொலியிற் பேசுமளவுக்கு அதனை நன்கறிந்தவள். 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளி உணவுச்சாலையில், பாற்பொருள் கலந்ததோ என்று ஆராய்ந்தே வறுத்த உருளைக்கிழங்கை வாங்கி உண்டாள். பாலாடைக்கட்டி பட்ட இடுக்கியால் அதனை எடுத்திருக்கலாம் என்பது பின்னர் எழுந்த கருத்து. மூச்சுத் திணறியபோது அவள் மருந்து, நடைவழியிலிருந்த அவளது பெட்டியில் இருந்தது. அதனை எடுத்து வருமுன் அவள் நிலைகுலைந்து வீழ்ந்தாள், பிழைக்கவில்லை. மருந்து இருந்தது, அது இருந்த இடமே உதவவில்லை.

அவள் பெற்றோர் துயரத்தோடு அமைந்துவிடாது, இனி ஒரு குழந்தையும் இவ்வாறு மாளல் கூடாதென முயன்றனர். சட்டமன்ற உறுப்பினர் டேவ் லெவாக் என்பவர் கொணர்ந்த மசோதா 2005இல் நிறைவேறி, 2006ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு பள்ளி வாரியமும் கடும் ஒவ்வாமைபற்றிய ஒழுங்குமுறை வகுத்தல் வேண்டும். ஆசிரியர்க்குக் காலந்தோறும் பயிற்சி அளித்தல் வேண்டும். நோயுடைய ஒவ்வொரு மாணவர்க்கும் தனித்திட்டம் எழுதி, மருந்து எங்கே இருக்குமென்பதையும் அதிற் குறித்தல் வேண்டும். இவற்றினும் சிறந்த விதி ஒன்றுண்டு. குழந்தைக்கு இந்நோய் நேர்ந்ததென நம்பக் காரணமிருப்பின், முன்னிசைவு இல்லாவிடினும் ஆசிரியர் மருந்தைச் செலுத்தலாம். நல்லெண்ணத்தோடு செய்த அச்செயலுக்காக, பெருங்கவனக் குறைவு இருந்தாலன்றி, அவர்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தல் இயலாது. எங்கள் தலைமையாசிரியர் எழுப்பிய ‘யார் பொறுப்பு’ என்னும் வினாவுக்கு, கடல் கடந்த ஒரு சட்டமன்றம் தந்த விடை இதுவே.

அம்மாகாணத்திலேயே பின்னர் மற்றொரு சட்டமும் எழுந்தது. 2012இல் ரயன் கிப்பன்ஸ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் பள்ளியில் ஈளைநோயால் மாண்டான். அவனுடைய மூச்சுமருந்துக் கருவி பள்ளி அலுவலகத்திற் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. அவன் அன்னையாரின் இடைவிடா முயற்சியால் 2015இல் ரயனின் சட்டம் பிறந்தது. பெற்றோர் இசைவிருப்பின் மாணவர் அக்கருவியைத் தம்முடனேயே வைத்திருத்தற்குப் பள்ளி இடந்தரல் வேண்டும் என்பது அதன் உயிர்நிலை. இவ்விரு சட்டங்களையும் படித்தபோது, பூட்டிய அலமாரி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்ந்தேன்.

பிற நாடுகளையும் சுருங்கக் கூறுவேன். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஈளைக்கும் கடும் ஒவ்வாமைக்கும் உரிய மருந்துகளை மாணவர் தாமே வைத்துக்கொள்ள இடந்தரும் மாகாணங்களை ஊக்கியது. இன்று அந்நாட்டு மாகாணங்கள் அனைத்திலும் அவ்வுரிமை உண்டு. 2013இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மற்றொரு சட்டம், எவர் பெயருக்கும் உரியதல்லாத பொது அட்ரினலினைப் பள்ளிகள் சேமித்து வைத்தற்குத் தூண்டுகோலாயிற்று. பிரிட்டனில் 2017ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து, மருத்துவச் சீட்டின்றியே பள்ளிகள் இக்குழல்களை வாங்கி வைக்கலாம். ஊசிக்கு அஞ்சுவார்க்கு ஏற்றதாக, மூக்கிற் பீச்சும் அட்ரினலினுக்கும் 2024இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்துள்ளது.

நம் நாட்டின் நிலை யாது? தனிச்சட்டம் இல்லை என்றேன்; எனினும் வழி முற்றும் அடைபட்டதன்று. பாரதீய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு, ஒருவருடைய நன்மைக்காக, அவர்தம் இசைவையோ காப்பாளர் இசைவையோ உரிய காலத்திற் பெறவியலாத நிலையில், நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது குற்றமாகாதென்கின்றது. பழைய தண்டனைச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக இருந்ததே இது. ஆயின், இது குற்றவழக்கினின்று காப்பதேயன்றி, இழப்பீட்டு வழக்கினின்றோ துறை நடவடிக்கையினின்றோ காப்பதன்று. விபத்தில் உதவுவோரைக் காக்கும் விதி 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திற் சேர்ந்தது. அதுவும் சாலையில் நிகழும் விபத்துக்கே உரியது. சாலையில் வீழ்ந்தவனைத் தூக்குவோனுக்குள்ள பாதுகாப்பு, வகுப்பறையில் வீழ்ந்த குழந்தைக்கு மருந்தளிக்கும் ஆசிரியர்க்கும் வேண்டுமன்றோ?

உணவின்வழி வரும் இடரைக் குறைத்தற்கு ஒரு விதி உண்டு. 2020ஆம் ஆண்டின் உணவு முகப்புச்சீட்டு ஒழுங்குமுறைப்படி, பொதிந்து விற்கும் பண்டங்களில் வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா முதலியன இருப்பின் அதனை உறையில் அறிவித்தல் வேண்டும். ஆயினும், பந்தலில் விற்ற கடலை மிட்டாய்க்கு உறையேது, சீட்டேது?

இப்பொருளுக்கு மிக அணுக்கமான இந்திய முன்மாதிரி நீரிழிவுடைய சிறுவரைப்பற்றியது. அவர்க்கும் இன்சுலின் ஊசி வேண்டும். சருக்கரை குறையின் உடனே ஏதேனும் உண்ணல் வேண்டும். 2017இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், அத்தகைய மாணவர் மருத்துவச் சான்றுடன் மாத்திரை, பழம், சிற்றுணவு, நீர் ஆகியவற்றைப் பொதுத்தேர்வுக் கூடத்துக்குள் கொண்டுசெல்ல இசைந்தது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இன்சுலினையும் குருதிச்சருக்கரை அளக்கும் கருவியையும் சிறுவர் வகுப்பறையில் வைத்திருக்க இடந்தருமாறு எழுத, உத்தரப்பிரதேச அரசு அவ்வாண்டிலேயே பள்ளிகளுக்கு ஆணையிட்டது. ஒருவகை ஊசி வகுப்பறைக்குள் நுழையலாமெனின், மற்றொருவகை ஊசிக்கு மட்டும் கதவடைத்தல் எவ்வாறு பொருந்தும்?

இதற்கு மறுப்புரைப்போர் உண்டு. அவர் கூற்றையும் நடுநிலையோடு ஆராய்வோம். பிற சிறுவர் எடுத்து விளையாடுவர் என்பது முதல் மறுப்பு. அச்சம் நியாயமானதே. ஆயின், தானியங்கிக் குழலில் ஊசி வெளியே தெரியாது; காப்புமூடியை நீக்கினாலன்றி அது செயற்படாது. தவறிக் கையிற் குத்திக்கொண்டாற் சிகிச்சை வேண்டும். எனினும் அவ்விடரையும், மூச்சடைத்த குழந்தையின் இடரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. மிகச் சிறிய குழந்தைகட்கு அது வகுப்பாசிரியர் மேசையில், பூட்டின்றி, கைக்கெட்டும் உயரத்திற்குமேல் இருக்கலாம். ஆசிரியர் மருத்துவரல்லர் என்பது இரண்டாம் மறுப்பு. உண்மையே; அதனாலன்றோ மருத்துவரல்லாதார்க்கென்றே அக்கருவியை அமைத்தனர்? 108 எண்ணை அழைத்தால் வண்டி வருமே என்பது மூன்றாவது. 2008 முதல் நம் தமிழ்நாட்டில் எண்ணற்ற உயிர்களைக் காத்த அவ்வண்டியை யான் போற்றுகின்றேன். ஆயினும், உதகைக்குச் செல்லும் வண்டிகள் நிறைந்த கோடைநாளில் எங்கள் ஊர்ச் சாலையைக் கண்டவர், ஐந்து நிமிடங்களில் அது வந்துசேருமென்று உறுதி கூறார். ஊசி செலுத்தியபின் வண்டிக்குக் காத்திருத்தல் வேறு. ஊசிக்காகவே வண்டிக்குக் காத்திருத்தல் வேறு.

இந்நோய் அரிது, ஒரு சிலர்க்காகச் சட்டம் எதற்கு என்பது நான்காவது. நம் அரசு ஒரு சிலரையும் எண்ணிச் செயற்படும் அரசே என்பதற்குச் சத்துணவுக் கூடமே சான்று. காமராசர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய அவ்வுணவுத் திட்டத்தில், இன்று முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் வழங்கப்படுகின்றது. பல்லாயிரம் பிள்ளைகளுக்கு இடையே முட்டை வேண்டாத ஒருவனை நினைவிற்கொண்ட அடுக்களை, முட்டை ஒவ்வாத ஒருவனை நினைத்தல் அரிதன்று. மேலும், எங்கள் ஊர் மலையடிவாரத்தது. பாக்குத் தோப்புகளும் பவானியாற்றங்கரையும் சூழ்ந்த இடத்திற் குளவிக்கும் மலைத்தேனீக்கும் குறைவில்லை. தனக்குக் கொடுக்கு ஒவ்வாதென்பதை அறியாத பிள்ளைக்கும் ஒருநாள் மருந்து தேவைப்படலாம். ஆதலின், பெயர் குறித்த மருந்து பிள்ளையின் பையிலும், பொதுமருந்து பள்ளியிலும் என இருவகையும் வேண்டும்.

நான்கு செயல்களை நம் அரசு செய்யுமாயின் போதும் என்பது என் துணிபு. மருத்துவச் சான்றும் பெற்றோர் இசைவும் உடைய மாணவர் தம் மருந்தைத் தம்முடன் வைத்திருக்கும் உரிமை ஒன்று. ஒவ்வொரு பள்ளியிலும் பூட்டாத இடத்திற் பொதுமருந்து ஒன்று. ஆண்டுக்கொருமுறை ஆசிரியர்க்கும் சத்துணவுப் பணியாளர்க்கும் பயிற்சி ஒன்று. நல்லெண்ணத்தோடு செயற்பட்டவர்க்குச் சட்டக்காப்பு ஒன்று. இவற்றோடு, தானியங்கிக் குழல் எளிய விலைக்குக் கிடைக்கவும் வழி செய்தல் வேண்டும். இம்மருந்து வெப்பத்தைப் பொறாது என்பதையும் ஈண்டு நினைவூட்டுவேன். 25 பாகைக்கு மேற்படாமல் வைத்தல் நலம். சித்திரை வெயிலில் இரும்பு அலமாரி அடுப்பாகும். வெப்பந்தாங்கும் சிறு உறையில் இட்டு, நிழலிலிருக்கும் பையில் வைத்தலே அதனினும் நன்று.

பள்ளியில் நிகழ்ந்ததையும் கூறி முடிப்பேன். தந்தையாரும் யானும் சேர்ந்து எழுதிய விண்ணப்பத்தைப் படித்த வகுப்பாசிரியை ஒருவர், தாமே முன்வந்து, மருத்துவரிடம் சென்று ஊசியைச் செலுத்தும் முறையைக் கற்றார். தலைமையாசிரியரிடம் தம் பொறுப்பிற் பெற்றுக்கொண்டு, அம்மருந்தைத் தம் கைப்பையிலேயே வைத்திருந்தார். தங்கை எந்த வகுப்பறைக்குச் சென்றாலும் அப்பையும் சென்றது. அவ்வோராண்டும் எங்கள் அன்னையார் நண்பகலில் அச்சமின்றி உணவுண்டார். வள்ளுவர் கூறிய நான்காவது கூறு அவ்வாசிரியையே என்று யான் பலகால் எண்ணி வணங்கியதுண்டு. மறு ஆண்டில் அவர் மாற்றலாகி வேற்றூர் சென்றார். புதிதாக வந்தவர் நல்லவர். ஆயினும் ஊசிக்கு அஞ்சுபவர். மருந்து மீண்டும் அலமாரிக்குச் சென்றது. தந்தையார் மீண்டும் விண்ணப்பம் எழுதியிருக்கின்றார். விடை இன்னும் வரவில்லை.

அன்பு ஒருவர் நெஞ்சில் வாழ்வது. அவர் சென்றால் அதுவும் உடன் செல்லும். சட்டமோ, இருக்கையில் யார் அமர்ந்தாலும் அவ்விடத்திலேயே நிற்பது. ஆதலின், நல்லாசிரியர் உளராகவே சட்டம் எதற்கு என்பார்க்கு, நல்லாசிரியர் செய்யும் நன்மை அவரோடு ஒழியாதிருத்தற்பொருட்டு என்பதே என் விடை. நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம், சிலர் வழக்கறிஞராவர், சிலர் ஆட்சிப்பணி புகுவர். யானும் ஆசிரியத் தொழிலையே மேற்கொள்ளக் கருதியுள்ளேன். இக்கல்வியாண்டு முடிவதற்குள், நம் கல்லூரி நலமன்றத்தின் வாயிலாக மருத்துவர் ஒருவரை அழைத்து, இவ்வூசியைச் செலுத்தும் முறையை நாம் அனைவரும் கற்றல் வேண்டும் என முதல்வர் அவர்களை வேண்டுகின்றேன். ஒரு மணிநேரத்திற் கற்கலாம். சட்டம் வருங்காறும் நம்மால் இயன்றது அதுவே. சட்டம் வந்தபின்னரும் அதற்குக் கைகள் வேண்டும்.